டாரண்ட்டுக்காக வக்கீல் கடிதம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

காவிரிக்கரை | வியாழன், இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஆகன் நகரத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து ஐந்து மாதம் ஆகிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு வேகேயில், அதாவது பகிர்ந்து வாழும் வீட்டில், தங்கியிருக்கிறோம். வீட்டு இன்டர்நெட் எங்களில் மூத்த அண்ணா ஒருவர் பெயரில் இருக்கிறது. மாதா மாதம் ஆளுக்குப் பத்து யூரோ அவர் கையில் கொடுத்துவிடுவோம்.

நேற்று அவர் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தார். வக்கீல் அலுவலகம் அனுப்பிய அப்மானுங், அதாவது பதிப்புரிமையை மீறியதற்கான எச்சரிக்கைக் கடிதம். ஒரு ஆங்கிலப் படத்தின் பெயர், தேதி, நேரம் 21:47:13, ஒரு ஐபி முகவரி, அதற்குக் கீழே நாற்பது எழுத்தில் ஏதோ ஒரு குறியீடு. எங்கள் இணைப்பிலிருந்து அந்தப் படத்தைப் பிறருக்குக் கொடுத்திருக்கிறோமாம். பத்து நாளுக்குள், இனிச் செய்ய மாட்டோம் என்று கூடவே வைத்திருக்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், 900 யூரோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பணமும் கட்ட வேண்டும்.

அண்ணா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "யாராவது இறக்கினீங்களாடா?" என்று கேட்டார். மூன்று பேரும் இல்லை என்றோம். நானும்தான். அந்த நிமிடம் அது உண்மை என்றே நினைத்தேன். அந்தப் படத்தை நான் இங்கே இறக்கவே இல்லை. தஞ்சாவூரில் விடுதியில் இருந்தபோது இறக்கிப் பார்த்தது.

அப்புறம் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால், கோப்புகளை இறக்கவும் பகிரவும் பயன்படும் டாரண்ட் மென்பொருளின் ஐகான் ஒளிந்திருக்கிறது. திறந்தால் பட்டியலில் மூன்றாவதாக அந்தப் படம். பக்கத்தில் பச்சை எழுத்தில் 'சீடிங்'. விகிதம் 3.71. விண்டோஸ் தொடங்கும்போதே தானாகத் திறக்கும்படி என்றைக்கோ டிக் போட்டிருக்கிறேன். கடிதத்தில் சொல்லும் அந்த ஞாயிறு இரவு நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அன்று என் முறை. லேப்டாப் அறையில் திறந்தபடி கிடந்தது.

அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருடைய விசா நீட்டிப்பு அடுத்த மாதம். ராத்திரி தூக்கமே இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்துவிடுமா? நான் என்ன செய்ய வேண்டும்?


நெக்கர்க்கரை | வெள்ளி, காலை 6:40

தம்பி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஸ்டுட்கார்ட்டில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். புதிதாக வரும் பையன்களில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்த உறையோடு என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். இது சிவில் கோரிக்கை. போலீஸ் வழக்கு இல்லை. இதனாலேயே அண்ணாவின் விசாவை மறுக்க மாட்டார்கள்.

அவர்கள் அனுப்பிய உறுதிமொழியில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். அது அவர்களுக்குச் சாதகமாக அவர்களே எழுதியது. "நான்தான் செய்தேன், கேட்ட பணத்தைக் கட்டுகிறேன்" என்று ஒப்புக்கொள்ளும் வரிகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். தவிர, அந்தக் கையெழுத்து ஒரு ஒப்பந்தம். பல வருடம் கழித்து அதே படம் அதே கணினியிலிருந்து மறுபடி போனால் ஒப்பந்தத்தை மீறியதற்கு ஆயிரக்கணக்கில் அபராதம் வரும். அதனால் சட்டம் தெரிந்தவரிடம் கொடுத்து, தவறையோ பணத்தையோ ஒப்புக்கொள்ளாமல், இனிச் செய்ய மாட்டேன் என்பதற்கு மட்டும் சட்டப்படி கட்டுப்படும்படி வாசகத்தைத் திருத்தி அனுப்புவதுதான் இங்கே வழக்கம்.

குப்பையிலும் போட்டுவிடாதீர்கள். கெடு தாண்டினால் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கலாம், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். வக்கீல் கட்டணக் கோரிக்கை காலாவதியாக மூன்று வருடம், அதுவும் அந்த வருடக் கடைசியிலிருந்து கணக்கு. நஷ்ட ஈட்டில் ஒரு பகுதியைப் பத்து வருடம் வரை கேட்கலாம் என்று 2016இல் மத்திய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நடுவில் என்றாவது மஞ்சள் உறையில் ஏதாவது வந்தால் அது நீதிமன்றத்திலிருந்து வருவது. உறையின் மேலேயே தபால்காரர் கொடுத்த தேதியை எழுதியிருப்பார். அந்தத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். அதைத் தவற விட்டவர்கள்தான் கடைசியில் முழுப் பணமும் கட்டியிருக்கிறார்கள்.

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் குழுவான ஆஸ்டாவில் இலவச சட்ட ஆலோசனை உண்டு. இன்றைக்கே நேரம் கேளுங்கள். நுகர்வோர் மையத்திலும் குறைந்த கட்டணத்தில் பார்த்துச் சொல்வார்கள். வழக்குச் செலவுக் காப்பீடு இருந்தாலும் நம்ப வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் பதிப்புரிமை விவகாரம் சேராது.

லேப்டாப்பில் அந்த மென்பொருளை உடனே நிறுத்துங்கள். இப்போது இதைப் படிக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம்.


இசார்_ரகு | வெள்ளி, காலை 9:15

நான் வேறு மாதிரி சொல்கிறேன். நான்கு பேரும் "எங்களுக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். யார் என்று அவர்களால் நிரூபிக்க முடியாது. என் நண்பர்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், அதற்கப்புறம் ஒரு கடிதமும் வரவில்லை. இந்த அலுவலகங்கள் மாதம் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி கடிதம் அச்சடித்து அனுப்பிச் சம்பாதிக்கிறார்கள். பயந்தவன் கட்டுகிறான், பயப்படாதவன் தப்பிக்கிறான்.


வடலி | வெள்ளி, பகல் 1:30

ரகு தம்பி, கோவிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லும் வழி சரிவராது. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாது என்று எழுதினால், அந்தப் பொய் இன்னொருவரின் பெயருக்குத்தான் போய் விழும்.

எங்கட வீட்டுக்கும் 2010இல் இந்தக் கடுதாசி வந்தது. நாங்கள் எஸ்ஸனில் இருக்கிறோம். மூத்தவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை மென்பொருளைப் போட்டுக் கொடுக்க, இவன் பாட்டுகளாக இறக்கியிருக்கிறான். எனக்கும் இவருக்கும் அந்தக் கடுதாசியின் ஜெர்மன் பாதி விளங்கவில்லை. பிள்ளையையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கிப்போய், நடுவில் நிறுத்திவிட்டான். கடைசியில் நாங்கள் 1,200 யூரோவை மாதம் நூறாகக் கட்டி முடித்தோம். அந்த வருடம் ஊருக்குப் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2012 நவம்பரில், இதே மாதிரி ஒரு வீட்டு வழக்கில் கார்ல்ஸ்ரூவேயில் இருக்கும் மத்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வீட்டிலும் 13 வயதுப் பையன், 1,147 பாட்டுகள். இப்படிச் செய்யக் கூடாது என்று பெற்றோர் பிள்ளைக்கு முதலே விளக்கிச் சொல்லியிருந்தால் போதும், அதற்கு மேல் அவனுடைய கணினியை எந்த நேரமும் துருவிப் பார்க்கத் தேவையில்லை, அவர்கள் பொறுப்பில்லை என்றது. ஆனால் நாங்கள் எங்கட பிள்ளைக்குச் சொல்லவே இல்லையே. எங்களுக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? அதுதான் இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்.

2017இல் இன்னொரு தீர்ப்பு. மூன்று பிள்ளைகளில் யார் செய்தது என்று பெற்றோருக்குத் தெரியும், ஆனால் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். சொல்லாமல் விட உங்களுக்கு உரிமை இருக்கிறது, அப்படி விட்டால் பணத்தை நீங்களே கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். 3,500 யூரோவுக்கு மேல். பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கட்டிய தாய் தகப்பனை நான் விளங்கிக்கொள்வேன். உங்கள் அண்ணா உங்களைப் பெற்றவர் இல்லை, தம்பி. அவருக்கு ஏன் அந்தச் சுமை? இன்றைக்கு இரவே சொல்லிவிடுங்கோ.


காவிரிக்கரை | வெள்ளி, மாலை 5:05

நன்றி அக்கா, நன்றி அண்ணா. டாரண்ட்டை நீக்கிவிட்டேன். ஆஸ்டாவில் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. படத்தை நான் இந்தியாவில் இறக்கினேன். இங்கே எதுவும் இறக்கவில்லை. அப்படியிருக்க எங்கள் வீட்டு முகவரி அவர்களுக்கு எப்படிப் போனது? யாராவது எங்கள் வைஃபையை ஒட்டுக் கேட்கிறார்களா?


நொய்யல்_சர்வர் | வெள்ளி, இரவு 8:20

இல்லை தம்பி, ஒட்டுக் கேட்கவே தேவையில்லை. நீங்களே கதவைத் திறந்து வைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். கோவையில் இருபது வருடமாகக் கணினி நெட்வொர்க் வேலை செய்கிறேன், கொஞ்சம் விளக்குகிறேன்.

சாதாரணமாக ஒரு தளத்திலிருந்து இறக்கினால் ஒரு சர்வர் கொடுக்கிறது, நீங்கள் வாங்குகிறீர்கள். பிட்டாரண்ட் அப்படி இல்லை. 2001இல் பிராம் கோஹன் அதை எழுதியதே கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே ஆள் தலையில் கட்டத்தான். ஒரு படக் கோப்பை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துவிடுவார்கள். உங்களிடம் முதல் துண்டு வந்து சேர்ந்ததுமே அதை இன்னொருவருக்குக் கொடுக்க ஆரம்பிப்பீர்கள். யார் தாராளமாகக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே வேகமாகக் கிடைக்கும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முழுதும் வந்து சேர்ந்த பிறகு கொடுப்பது மட்டும் மிஞ்சும். அதுதான் சீடிங். 3.71 என்றால் படத்தின் அளவைப் போல மூன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக உங்கள் லேப்டாப்பிலிருந்து வெளியே போயிருக்கிறது. கொஞ்சம் தஞ்சாவூரிலிருந்து, மீதி ஆகனிலிருந்து.

கடிதத்தில் இருந்த நாற்பது எழுத்து அந்த டாரண்ட்டின் கைரேகை. 'இன்ஃபோ ஹேஷ்' என்போம். உலகத்தில் எந்த மூலையில் திறந்தாலும் அதே டாரண்ட்டுக்கு அதே நாற்பது எழுத்துதான். கண்காணிக்கும் நிறுவனம் செய்வது இவ்வளவுதான்: உங்களைப் போலவே அந்தக் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ந்து, "இந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கும். உங்கள் லேப்டாப் கை தூக்கி "என்னிடம் இருக்கிறது" என்று ஐபி முகவரியோடு பதில் சொல்லும். நொடியைக் குறித்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஜெர்மனியில் நீதிமன்ற உத்தரவு வாங்கி, அந்த நொடியில் அந்த ஐபி யார் வீட்டில் இருந்தது என்று இணைப்பு நிறுவனத்திடம் கேட்பார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர்தான் வரும். லேப்டாப் யாருடையது என்பது அந்தப் பதிவில் இருக்காது. அதனால்தான் உறை உங்கள் அண்ணா பெயருக்கு வந்தது.

அதனால் "நான் இறக்கவில்லையே" என்பது இங்கே பதிலே ஆகாது. அவர்கள் கேட்கும் கேள்வி கொடுத்தாயா என்பதுதான். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தப் பாதி தெரியாது. டவுன்லோடு என்ற சொல்லே அதை மறைத்துவிடுகிறது.

2014இல் பாப்கார்ன் டைம் என்று ஒரு செயலி வந்ததே, அது இன்னும் மோசம். பார்ப்பதற்குப் படம் ஓடும் தளம் மாதிரி அழகாக இருக்கும், பின்னால் முழுக்க டாரண்ட். "நான் ஸ்ட்ரீமிங்தானே பார்த்தேன்" என்று நம்பியவர்களுக்கெல்லாம் ஜெர்மனியில் இதே கடிதம் போனது.


சுருள்வில் | சனி, காலை 10:10

இசார்_ரகு சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். அவர்கள் கேட்கும் தொகைக்கும் நடந்த நஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு படத்தை வாடகைக்குப் பார்க்க ஐந்து யூரோ, அவர்கள் கேட்பது தொள்ளாயிரம். 1999இல் பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டர் மென்பொருள் வந்தபோது பட்டியல் முழுவதும் ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2001இல் நீதிமன்றம் அதன் கழுத்தைப் பிடித்தது, மூடினார்கள். அப்புறம் வந்த மென்பொருள்களுக்கு நடுவே சர்வர் இல்லை. பிடிக்கக் கழுத்து இல்லாததால் நேராக மக்கள் மேல் பாய்ந்தார்கள். 2003 செப்டம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்கள் ஒரே நாளில் 261 பேர் மேல் வழக்குப் போட்டன. அதில் நியூயார்க்கில் அரசு குடியிருப்பில் இருந்த 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி, அவள் தாய் 2,000 டாலர் கொடுத்து முடித்தார். இதை நியாயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஜெர்மனியிலும் 2013இல் சட்டம் திருத்தத்தான் வேண்டியிருந்தது. தனிநபர் முதல் தடவை சிக்கினால், 'இனிச் செய்யாதே' என்ற கோரிக்கைக்கான வக்கீல் கட்டணத்தை 1,000 யூரோ மதிப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். நஷ்ட ஈடு தனி. அதனால் தம்பி, கேட்டதை அப்படியே கட்டாதீர்கள், பேரம் பேச இடம் இருக்கிறது.

அதற்காக அண்ணாவை மாட்டிவிடச் சொல்லவில்லை. வடலி அக்கா சொன்னதுதான் சரி.


மதுரை_மல்லி | சனி, பகல் 12:45

விபிஎன் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையே? என் தோழிகள் எல்லோரும் அப்படித்தான்.


நொய்யல்_சர்வர் | சனி, பகல் 2:05

விபிஎன் நடுவில் ஒரு நொடி அறுந்து மறுபடி சேரும். அந்த நொடியில் டாரண்ட் மென்பொருள் காத்திருக்காது, வீட்டு ஐபியிலேயே பேசிவிடும். அது மட்டுமில்லை அம்மா, விபிஎன் உங்கள் முகவரியை மறைக்கிறது. வரும் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் ஊரில் ஒரு சின்ன துணி டிசைன் கடை, மூன்று கணினி, அண்ணன் தம்பி இரண்டு பேர். டிசைன் மென்பொருள் விலை அதிகம் என்று தம்பி டாரண்ட்டில் கிராக் பதிப்பை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, இறக்கினார். "ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்" என்று கூடவே ஒரு குறிப்பு. நிறுத்தினார். மறுநாள் காலையில் பத்து வருட டிசைன் கோப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு கோப்பு. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490 என்று எழுதியிருந்தது. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் அது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை. முக்கியமாக இந்தக் கிராக் கோப்புகள் வழியாகவே பரவுகிறது. நான் போனபோது அண்ணன் பேசாமல் கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேக்கப் எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கணினியில்தான் சொருகியிருந்தது. தீபாவளி ஆர்டர் டிசைன் எல்லாம் அதில். மீட்க முடியவில்லை. பழைய வாடிக்கையாளர்களிடம் போய் அச்சடித்த துணியை வாங்கி வந்து திரும்ப வரைந்தார்கள்.

மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டாரண்ட் மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே யாரோ புகுந்து மேக் கணினிகளுக்கான ரான்சம்வேரைச் சேர்த்து வைத்துவிட்டார்கள்.


சுமிதா_நதி | சனி, மாலை 4:30

டோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஐடி வேலைக்கு வந்த முதல் வாரப் பயிற்சியிலேயே 'வின்னி' கதையைச் சொன்னார்கள். நொய்யல் அண்ணா சொன்னதைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

2002இல் இசாமு கனெகோ என்ற ஆராய்ச்சியாளர் எழுதிய ஜப்பானியக் கோப்புப் பகிர்வு மென்பொருள் அது. யார் கொடுக்கிறார்கள் என்று தெரியாதபடி மறைக்கும் என்பதால் இங்கே காட்டுத்தீயாகப் பரவியது. அப்புறம் அதன் வழியாகவே ஆன்டின்னி என்று ஒரு வைரஸ் வந்தது. அது எதையும் அழிக்காது. கணினியில் இருக்கும் ஆவணங்களை எடுத்து, பகிரும் ஃபோல்டரில் போட்டுவிடும். வீட்டுக் கணினியில் வேலையையும் வின்னியையும் சேர்த்து வைத்திருந்தவர்களால் காவல்துறை விசாரணைக் குறிப்புகள், கடல் தற்காப்புப் படையின் ரகசியங்கள் எல்லாம் வெளியே போயின. ஒருமுறை கூட்டத்துக்குள் போன கோப்பைத் திரும்ப எடுக்க முடியாது. யாரிடம் கேட்டு அழிப்பது? 2006 மார்ச்சில் அமைச்சரவையின் தலைமைச் செயலராக இருந்த ஷின்ஸோ அபே, தயவுசெய்து வின்னியைப் பயன்படுத்தாதீர்கள் என்று மக்களை நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கனெகோவை 2004இல் கைது செய்தார்கள். 2006இல் கியோட்டோ நீதிமன்றம் குற்றவாளி என்று 15 லட்சம் யென் அபராதம் போட்டது. 2009இல் ஒசாகா உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கருவியை எழுதியவர் குற்றவாளி இல்லை. ஆனால் ஏழு வருடம் வழக்கில் போய்விட்டது. 2013இல் 42 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். நல்ல கருவியை எழுதத் தெரிந்த ஒரு மூளையை நாங்கள் வீணடித்துவிட்டோம் என்று என் மேலாளர் சொன்னபோது அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

அதனால் வீட்டில் ஒரு கணினியில் பகிர்வு மென்பொருள் இருந்தால், எந்த ஃபோல்டரைப் பகிர்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.


வைகைப்புயலன் | சனி, இரவு 9:40

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பயப்படுங்கள், சரி. நம் ஊரில் யாரும் கேட்பதில்லையே. இருபது வருடமாக இறக்குகிறேன்.


நெக்கர்க்கரை | சனி, இரவு 10:25

கேட்காமல் இருப்பது வேறு, சட்டம் இல்லாமல் இருப்பது வேறு நண்பரே. 1957ஆம் வருட பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவதற்கு 63பி என்று தனிப் பிரிவே இருக்கிறது. நொய்யல் சொன்ன டிசைன் கடை அதில் வரும். 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் பதிவு செய்வதற்கும் அதைப் பரப்புவதற்கும் குறைந்தது மூன்று லட்சம், அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள்.

இந்தியாவில் இதுவரை தனி ஆளைத் தேடிப் போவதைவிடத் தளங்களை முடக்குவதுதான் அதிகம் நடந்திருக்கிறது. அதிலும் பொறுப்பில்லாமல் நடந்தது உண்டு. 2012இல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்து, ஒரு தவறும் செய்யாத வீடியோ தளங்களையும் சேர்த்து முடக்கினார்கள். குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் முடக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று நீதிமன்றமே பிறகு விளக்க வேண்டி வந்தது.

ஆனால் காவிரிக்கரை மாதிரிப் பையன்கள் சிக்குவது "நம் ஊரில் யாரும் கேட்பதில்லை" என்ற அதே பழக்கத்தோடு விமானம் ஏறுவதால்தான். லேப்டாப்பும் கூடவே ஏறுகிறது.


தாழ்வாரம் | ஞாயிறு, காலை 8:00

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியிலிருந்து மெய்ப்புப் பார்த்து, அட்டை போட்டு, 300 பிரதி அச்சடிப்போம். வந்த இரண்டாம் வாரம் டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் ஓடும். ஒருமுறை அப்படி ஓடிய பக்கங்களில் படி எடுத்தவரின் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தது. 112ஆம் பக்கம் இரண்டு முறை, 113 இல்லவே இல்லை. அந்த எழுத்தாளர் ஆறு வருடம் உழைத்த புத்தகம். அதைப் பகிர்ந்தவர் எனக்கே அனுப்பி, "அக்கா, அருமையான புத்தகம், படிங்க" என்றார். கெட்டவர் இல்லை. புத்தகத்தின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். அந்த 300இல் அறுபது கூட விற்கவில்லை என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்?

பகிர்வதே தவறு என்று நான் நினைக்கவில்லை. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை வாங்கி, பின்னால் அது பொதுச் சொத்தானது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1998 முதல் மதுரைத் திட்டத்தில் உலகம் முழுவதுமிருந்து தமிழர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து பழைய நூல்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற மின்நூலகம் இருக்கிறது. இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பகிருங்கள், டாரண்ட்டிலும் போடுங்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புதிய புத்தகத்துக்கு மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பலர் ஒரு பகுதியைக் கொடுத்தே விடுவார்கள்.


நொய்யல்_சர்வர் | ஞாயிறு, காலை 9:35

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் அலுவலகக் கணினி இப்போதும் சீடிங் செய்துகொண்டுதான் இருக்கிறது. டெபியன், உபுண்டு என்ற இரண்டு இலவச இயங்குதளங்களின் நிறுவல் கோப்புகள். அவர்களே டாரண்ட்டில் கொடுக்கிறார்கள். அதைச் செய்வதற்கு யாரிடமும் ஒளிய வேண்டியதில்லை, விபிஎன்னும் வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்நூலகம் 2012 முதல் தன் சேகரிப்பை டாரண்ட்டிலும் தருகிறது. பெரிய கோப்பைக் குறைந்த செலவில் ஆயிரம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வழியைத் திருட்டோடு சேர்த்துக் கெட்ட பேர் ஆக்கிவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.


காவிரிக்கரை | புதன், இரவு 10:15

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளி இரவே அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பைக் கொண்டுபோய் அந்தப் பட்டியலையே காட்டினேன் (நீக்குவதற்கு முன் படம் பிடித்து வைத்திருந்தேன்). அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து போனோம். ஆஸ்டாவில் இருந்த வக்கீல் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணாவிடம், "உங்கள் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள். சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது அவர்களுக்கு முன்கூட்டியே பாடம் எடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை" என்றார். 2016 மே மாதத் தீர்ப்பு ஒன்று இருக்கிறதாம். ஆஸ்திரேலியாவிலிருந்து விருந்துக்கு வந்த உறவுக்காரப் பெண் செய்ததற்கு வீட்டுக்காரம்மா பொறுப்பில்லை என்று சொன்னது. அண்ணா சார்பில் நடந்ததை விளக்கி ஒரு பதில். என் பெயரில் திருத்திய உறுதிமொழி. பணத்தைப் பேசிக் குறைக்கவும் தவணை கேட்கவும் ஒரு கடிதம். இன்று மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.


தொல்பி_அண்ணன் | இரண்டு வாரம் கழித்து, சனி காலை 11:00

வணக்கம். அந்த இணைப்பு என் பெயரில்தான். தம்பி இந்த இழையைக் காட்டினான், முழுவதும் படித்தேன். வடலி அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி.

பதில் வந்துவிட்டது. என் மேல் கோரிக்கையை விட்டுவிட்டார்கள். அவனுக்கு 600 யூரோ, ஆறு தவணை. நான் முதலில் மொத்தமாகக் கட்டிவிட்டு அவனிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், அதிலிருந்து தானே கட்டுவதாகச் சொல்லிவிட்டான். விசா நீட்டிப்பும் பிரச்சினை இல்லாமல் வந்தது.

எனக்குச் சட்டப்படி கடமை இல்லை என்று அந்த அம்மா சொன்னது சரிதான். ஆனால் நான் இங்கே வந்த வருடம் எனக்கு ஒரு அண்ணா இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். குப்பையைப் பிரித்துப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை டிரில் போடக் கூடாது, டாரண்ட் தொடக் கூடாது. நான் இவர்களுக்குக் குப்பையைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பையன் வருகிறான். வைஃபை பாஸ்வேர்டு கொடுப்பதற்கு முன் அவன் லேப்டாப்பைத் திறந்து அந்தச் சின்ன அம்புக்குறியை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டர் மேலே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியது காவிரிக்கரைதான். தவணை முடிந்து கடைசிக் கடிதம் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.